அகஸ்டஸின் கல்லறை ஏன் பாழடைந்தது?

ரோம் நகரின் மையத்தில், கொர்சோ நெடுந்தெருவுக்கும் டைபர் ஆற்றுக்கும் நடுவே, பேரரசர் அகஸ்டஸின் பெயரைத் தாங்கிய ஒரு சதுக்கம் இருக்கிறது. அதன் நடுவில், சாலை மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே, ஏறக்குறைய 90 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டக் கட்டடத்தின் சிதிலம் நிற்கிறது. ரோமின் முதல் பேரரசரும், ஆண்டின் எட்டாம் மாதத்துக்குத் தன் பெயரை விட்டுச்சென்றவருமான அகஸ்டஸ், தனக்கும் தன் குடும்பத்துக்குமாகக் கட்டிய கல்லறை அது. கொலோசியத்தைப் பார்க்க ஆண்டுதோறும் பல லட்சம் பேர் வரிசையில் நிற்கும் அதே நகரத்தில், 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெரும்பாலான காலம் இந்தக் கல்லறை பூட்டியே கிடந்தது. சுற்றுப்பள்ளத்தில் குப்பை சேர்ந்தது. வீடற்றவர்கள் சுவரோரம் ஒதுங்கிப் படுத்தார்கள். இடிந்த சுவர்களின் மேல் புதர் மண்டியது.

இவ்வளவு பெரிய ஆட்சியாளரின் கல்லறை இந்நிலைக்கு வந்ததற்கு, படையெடுப்புகளையும் காலத்தின் அரிப்பையும் காரணமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவது வழக்கம். வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்த்தால் வேறொரு உண்மை தெரிகிறது. பேரரசு வீழ்ந்த பின்னும் பல நூற்றாண்டுகள் அந்தக் கட்டடத்தை யாராவது எதற்காவது பயன்படுத்திக்கொண்டே இருந்தார்கள். அது முற்றிலும் ஆளற்றுப் போனது, அகஸ்டஸைப் போற்றுவதாகச் சொல்லிக்கொண்ட ஓர் ஆட்சி, 1930களில் அதைச் சுற்றியிருந்த அனைத்தையும் இடித்துத் தள்ளிய பிறகுதான்.

கி.மு. 63இல் கையஸ் ஆக்டேவியஸ் என்ற பெயரில் பிறந்த அவர், 18 வயதில் தன் பெரிய மாமன் ஜூலியஸ் சீசரின் உயிலின் மூலம் அவருடைய வளர்ப்பு மகனாகவும் வாரிசாகவும் ஆனார். அடுத்த 13 ஆண்டுகள் ரத்தம் தோய்ந்தவை. கி.மு. 43இல் மார்க் ஆண்டனியோடும் லெபிடஸோடும் கூட்டுச் சேர்ந்து அவர் வெளியிட்ட கொலைப்பட்டியலில்தான் ரோமின் தலைசிறந்த பேச்சாளரான சிசரோவின் உயிர் போனது. கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் ஆண்டனியையும் கிளியோபாட்ராவையும் தோற்கடித்து, மறு ஆண்டே எகிப்தைக் கைப்பற்றினார். சீசருக்கும் கிளியோபாட்ராவுக்கும் பிறந்ததாகச் சொல்லப்பட்ட சிசேரியன் என்ற இளைஞனைக் கொல்லச் செய்தார். கி.மு. 27 ஜனவரியில் செனட் அவருக்கு அகஸ்டஸ் என்ற பட்டத்தை அளித்தது. அதன்பின் கி.பி. 14இல் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கும் மேலாக அவர் எதிர்ப்பின்றி ஆண்டார்.

இந்த இரண்டாம் பகுதியே அவருக்கு நிலைத்த புகழைத் தேடித்தந்தது. குடியரசின் மன்றங்களும் பதவிகளும் பெயரளவில் அப்படியே இருக்க, படையும் பணமும் மாகாணங்களும் ஒரே மனிதரின் கையில் இருக்கும் ஓர் ஏற்பாட்டை அவர் உருவாக்கினார். அரசன் என்ற சொல்லை ரோமர்கள் வெறுத்தார்கள் என்பதை உணர்ந்து, தன்னை 'முதல் குடிமகன்' என்று மட்டுமே அழைத்துக்கொண்டார். கி.பி. 6இல் ஓய்வுபெறும் வீரர்களுக்குப் பணம் தருவதற்கென்று தனிக் கருவூலம் ஒன்றை நிறுவி, வாரிசுச் சொத்துக்கு 5 சதவீத வரி விதித்து அதற்கு வருவாய் தேடினார். தீயணைப்புக்கும் இரவுக் காவலுக்கும் 7 படைப்பிரிவுகளை அமைத்தார். தலைநகரை 14 வட்டாரங்களாகப் பிரித்தார். கி.மு. 28ஆம் ஆண்டில் மட்டும் 82 கோயில்களைப் புதுப்பித்ததாக அவரே பதிவு செய்திருக்கிறார். நூறாண்டுக் காலமாக உள்நாட்டுப் போரில் சிக்கித் தவித்த ஒரு சமூகத்துக்கு இந்த ஒழுங்கு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை மறுக்க முடியாது. அந்த ஆறுதலுக்கு மக்கள் கொடுத்த விலை தங்கள் அரசியல் உரிமை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவருக்குப் பிடிக்காத கவிதை எழுதிய ஓவிட் கருங்கடல் கரைக்கு நாடுகடத்தப்பட்டு அங்கேயே இறந்தார். ஒழுக்கச் சட்டங்களை இயற்றிய அதே கையால் தன் ஒரே மகள் ஜூலியாவையும் அகஸ்டஸ் தீவுச் சிறைக்கு அனுப்பினார்.

கல்லறையைக் கட்டத் தொடங்கியபோது அவருக்கு வயது 35தான். முதுமைக்கு வெகுகாலம் முன்பே, கி.மு. 28இல் அதற்கு அடித்தளம் இட்டதற்கு ஓர் அரசியல் காரணம் இருந்தது. ஆக்டியம் போருக்கு முன்பு, ஆண்டனியின் உயிலைக் கைப்பற்றி அவர் செனட்டில் வாசித்துக் காட்டினார். தான் ரோமில் இறந்தாலும் தன் உடல் அலெக்சாந்திரியாவில் கிளியோபாட்ராவின் அருகே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று ஆண்டனி எழுதியிருந்ததாகச் சொல்லப்பட்ட செய்தி, ரோமர்களைக் கொதிக்க வைத்தது. ஆண்டனி அந்நிய மண்ணில் புதைய விரும்பியவர். 'நானோ ரோமின் மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாகத் தங்கப்போகிறவன்' என்ற அகஸ்டஸின் அறிவிப்பாக ஆற்றங்கரையில் இந்தக் கட்டடம் எழுந்தது. எகிப்தை வென்றபோது அலெக்சாந்தரின் கல்லறைக்குச் சென்று மாலை அணிவித்து வணங்கியவர் அவர். எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்களின் உடல்களையும் காட்டட்டுமா என்று கேட்கப்பட்டபோது, தான் ஓர் அரசனைப் பார்க்க வந்ததாகவும் பிணங்களைப் பார்க்க வரவில்லை என்றும் பதில் சொன்னார் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் சுவடோனியஸ். ஒரு வெற்றியாளனின் உடல் கிடக்கும் இடம் எவ்வளவு வலிமை உள்ளது என்பது அவருக்கு அங்கே நேரில் விளங்கியிருக்க வேண்டும்.

கட்டி முடித்த கல்லறையை நேரில் கண்ட கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ அதை விவரித்திருக்கிறார். ஆற்றோரத்தில் வெண்கல்லாலான உயர்ந்த அடித்தளம். அதன் மேல் பெரிய மண்மேடு. உச்சிவரை அடர்ந்த பசுமை மாறா மரங்கள். எல்லாவற்றுக்கும் மேலே அகஸ்டஸின் வெண்கலச் சிலை. பின்புறம் மக்கள் உலாவுவதற்கான சோலையும் நடைபாதைகளும் இருந்தன. உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வட்டச் சுவர்கள், நடுவில் ஒரு தூண், அதை ஒட்டி அஸ்திக் கலசங்களுக்கான அறைகள். சுண்ணச் சாந்தும் எரிமலைச் சாம்பலும் உடைகல்லும் சேர்ந்த ரோமக் கான்கிரீட்டும், வெளியில் பதித்த டிராவர்டைன் என்ற வெளிர்நிறச் சுண்ணக் கற்களும் சேர்ந்து அதை ஏறக்குறைய 45 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தின என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. தென்புற வாயிலின் இரு பக்கமும் எகிப்தியக் கருங்கல் தூபிகள் பின்னாளில் நிறுத்தப்பட்டன. சோலையை மக்களுக்குத் திறந்துவிட்டது முக்கியமான செய்தி. தன் கல்லறையை ஊர் மக்கள் மாலையில் காலாற நடக்கும் இடமாக அகஸ்டஸ் திட்டமிட்டிருந்தார்.

துயரம் என்னவென்றால், அதில் முதலில் இடம்பிடித்தவர்கள் அவருக்குப் பின் ஆளவேண்டியவர்கள். கி.மு. 23இல் அவருடைய சகோதரி ஆக்டேவியாவின் மகனும் அவருடைய மருமகனுமான மார்செல்லஸ் சுமார் 19 வயதில் இறந்து, அங்கே வைக்கப்பட்ட முதல் மனிதரானார். கி.மு. 12இல் உற்ற நண்பரும் தளபதியுமான அக்ரிப்பா, அடுத்த ஆண்டில் ஆக்டேவியா, கி.மு. 9இல் மனைவி லிவியாவின் இளைய மகன் துரூசஸ் என்று வரிசை நீண்டது. தாய் ஆக்டேவியாவின் பெயரும் மகன் மார்செல்லஸின் பெயரும் ஒன்றாகப் பொறிக்கப்பட்ட பளிங்குப் பலகை 1927இல் அகழாய்வில் கிடைத்தது. பிறகு, அகஸ்டஸ் தன் சொந்தப் பிள்ளைகளாகத் தத்தெடுத்து வளர்த்த இரண்டு பேரப்பிள்ளைகளின் அஸ்தியும் வந்தது. இளையவன் லூசியஸ் கி.பி. 2இல் மார்செய் நகரில் இறந்தான். மூத்தவன் கையஸ் கி.பி. 4இல் இன்றைய துருக்கியின் தென்கரையில் இறந்தான்.

இந்த இரண்டு சகோதரர்களின் உருவம் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கி.மு. 2 முதல் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் அச்சடிக்கப்பட்ட தினாரியஸ் என்ற ஒரு வெள்ளிக்காசின் முன்பக்கத்தில் இலைமாலை சூடிய அகஸ்டஸின் தலை இருக்கிறது. பின்பக்கத்தில் டோகா என்ற ரோம மேலாடை அணிந்த இரு இளைஞர்கள் எதிர்நோக்கி நிற்கிறார்கள். இருவரின் கையும் தரையில் ஊன்றிய கேடயங்களின் மேல் படிந்திருக்கிறது. கேடயங்களுக்குப் பின்னே ஈட்டிகளும், மேலே பூசகர்கள் பயன்படுத்தும் கரண்டியும், நிமித்தம் பார்ப்போரின் வளைந்த கோலும் உண்டு. கையஸும் லூசியஸும்தான் அந்த இளைஞர்கள். கொங்குப் பகுதியில் புதையல்களாகக் கிடைத்த ரோம வெள்ளிக்காசுகளில் அகஸ்டஸ், அவருக்குப் பின் ஆண்ட டைபீரியஸ் ஆகியோர் காலத்துக் காசுகளே மிகுதி; இந்தியாவில் கிடைக்கும் அகஸ்டஸ் காசுகளில் மிகப் பரவலான வகை இந்த இரு பிள்ளைகளின் காசுதான். தங்கள் ஊரில் ஆட்சிக்கு வராமலே போன இருவரின் முகங்கள், அவர்கள் இறந்த பின்னும் நெடுநாள், மிளகுக்கும் முத்துக்கும் நீலப்பச்சைக் கல்லுக்கும் விலையாகக் கைமாறிக்கொண்டிருந்தன. 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மேல் உளியால் வெட்டிய தடம் இருக்கிறது. அந்தக் காசுகளைப் பொன்னின் எடைக்காக மட்டுமே ஏற்றார்கள் என்பதற்கு அது ஓர் அடையாளம் எனப் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

வணிகத்தோடு தூதும் சென்றது. இந்தியாவின் அரசர்களிடமிருந்து தன்னிடம் பலமுறை தூதர்கள் வந்ததாகவும், அதற்கு முன் எந்த ரோமத் தளபதியும் அப்படியொன்றைக் கண்டதில்லை என்றும் அகஸ்டஸே எழுதினார். அப்படித் தூது அனுப்பிய மன்னன் பாண்டியன் என்றும், வேறு சிலர் சொல்வதுபோலப் போரஸ் என்றும் ஸ்ட்ராபோ குறிக்கிறார். அவர் காலத்தில் செங்கடலின் மயோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து 120 கப்பல்கள்வரை இந்தியாவுக்குச் சென்றன என்பதும் அவர் தரும் தகவலே. பழைய ரோம வழிப்படம் ஒன்றின் பிற்காலப் பிரதியில் முசிறிக்கு அருகே 'அகஸ்டஸ் கோயில்' என்ற குறிப்புக்கூட உண்டு. சேரநாட்டுத் துறைமுகத்தில் தங்கியிருந்த மேற்கத்திய வணிகர்கள் எழுப்பிய வழிபாட்டிடமாக அது இருக்கலாம். எகிப்து அவர் கைக்கு வந்ததால் திறந்த கடல்வழி, அகஸ்டஸின் ஆட்சியைத் தமிழகத்தின் பொருளாதார வரலாற்றோடு நேரடியாகக் கட்டிப்போட்டுவிட்டது. அவருடைய புகழைப் பற்றிப் பேசும்போது நமக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான்.

கி.பி. 14 ஆகஸ்ட் 19 அன்று நோலா என்ற ஊரில் அகஸ்டஸ் இறந்தார். கோடை வெப்பத்தின் காரணமாக, வழியிலிருந்த ஊர்களின் மன்ற உறுப்பினர்கள் இரவு நேரங்களில் அவர் உடலைச் சுமந்துவந்தார்கள். தகனத்துக்குப் பின் லிவியா ஐந்து நாட்கள் அங்கேயே தங்கியிருக்க, குதிரைப்படை வகுப்பின் முதன்மையானவர்கள் வெறுங்காலோடு எலும்புகளைச் சேகரித்துக் கல்லறையில் வைத்தார்கள். தன் மகளையும் அதே பெயர்கொண்ட பேத்தியையும் உள்ளே சேர்க்கக் கூடாது என்று உயிலில் எழுதியிருந்தார். அது அப்படியே நிறைவேறியது. பின்னாளில் லிவியா, டைபீரியஸ், கிளாடியஸ் என்று பலரும் அங்கே வைக்கப்பட்டு, கி.பி. 98இல் பேரரசர் நெர்வாவோடு அந்த வரிசை முடிந்தது.

தன் சாதனைகளைத் தன் வாயாலேயே சொல்லும் ஒரு நீண்ட வாசகத்தையும் அவர் விட்டுச்சென்றார். கல்லறை வாயிலின் முன் வெண்கலத் தூண்களில் அதைப் பொறிக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. அந்த வெண்கலம் எப்போதோ உருக்கப்பட்டுவிட்டது. ரோமில் அதன் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. வாசகம் நமக்குக் கிடைத்தது துருக்கியின் அங்காராவிலிருந்து. அங்கே ரோமா தேவிக்கும் அகஸ்டஸுக்கும் எழுப்பப்பட்ட கோயிலின் சுவரில் லத்தீன் மூலமும் கிரேக்க மொழிபெயர்ப்பும் வெட்டப்பட்டிருந்தன. அந்தக் கோயில் பின்னர் தேவாலயமானது. 15ஆம் நூற்றாண்டில் அதன் சுவரை ஒட்டியே ஹாஜி பைராம் பள்ளிவாசல் எழுந்தது. 1555இல் ஐரோப்பியத் தூதுக்குழு ஒன்று அந்த எழுத்துகளைக் கண்டு வெளியுலகுக்குச் சொன்னது. சமயங்கள் மாறியும், அந்த இடத்தில் மக்கள் தொழுதுகொண்டும் நடமாடிக்கொண்டும் இருந்ததால் சுவர் விழாமல் நின்றது. அகஸ்டஸைப் பற்றி அகஸ்டஸே சொன்னதை நாம் இன்று படிப்பதற்கு, அவரைத் தெய்வமாக ஒருபோதும் ஏற்காத மனிதர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ரோமில் கல்லறையின் கதை இன்னும் கரடுமுரடானது. கி.பி. 410இல் கோத் மன்னன் அலாரிக்கின் படைகள் நகரைச் சூறையாடியபோது கலசங்கள் கலைக்கப்பட்டன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நடுக்காலத்தில் கொலோன்னா என்ற பிரபுக் குடும்பம் அதைக் கோட்டையாக மாற்றியது. தடித்த வட்டச் சுவர்களும் ஆற்றோர உயரமும் அதற்கு வசதியாக இருந்தன. 12, 13ஆம் நூற்றாண்டுப் பூசல்களில் அந்தக் கோட்டை தகர்க்கப்பட்டது. வெளிப்புறத்து டிராவர்டைன் கற்கள் வேறு கட்டடங்களுக்குப் பெயர்க்கப்பட்டன. பளிங்கு, சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது. 1354இல் ரோமக் குடியரசை மீட்கப்போவதாக எழுந்து, பழைய பேரரசர்களின் பாணியில் 'அகஸ்டஸ்' என்ற அடைமொழியையும் சூடிக்கொண்ட கோலா தி ரியென்ஸோ மக்கள் கலகத்தில் கொல்லப்பட்டபோது, கொலோன்னா குடும்பத்தார் அவர் உடலை இந்தக் கல்லறை வளாகத்தில்தான் எரிக்கச் செய்தார்கள்.

அந்த நூற்றாண்டுகளின் போக்கைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கல்லைப் பார்த்தால் போதும். அகஸ்டஸின் பேத்தி அக்ரிப்பினாவின் எலும்புகளைத் தாங்கிய பளிங்குக் கட்டை இப்போது ரோமின் கப்பிட்டோல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அக்ரிப்பாவின் மகள், தெய்வமான அகஸ்டஸின் பேத்தி, ஜெர்மானிக்கஸின் மனைவி, பேரரசர் காலிகுலாவின் தாய் என்று அவள் உறவுகள் அதன் முகப்பில் பெரிய எழுத்துகளில் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. டைபீரியஸின் பகைக்கு ஆளாகி, பண்டதேரியா தீவுக்கு அனுப்பப்பட்டு, கி.பி. 33இல் உணவின்றி இறந்தவள் அவள். ஆட்சிக்கு வந்தவுடன் மகன் காலிகுலா தானே கடல்கடந்து போய்த் தாயின் அஸ்தியைக் கொண்டுவந்து இங்கே வைத்தார். நடுக்காலத்தில் ரோம் நகராட்சி அந்தக் கல்லின் உட்குழியை அகலமாகக் குடைந்து, தானியம் அளக்கும் அதிகாரபூர்வ அளவையாக வைத்துக்கொண்டது. அந்த அளவையின் பெயரும் பக்கத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. பட்டினியில் மடிந்த ஒரு பெண்ணின் அஸ்திக் கல்லில் ஊருக்குக் கோதுமை அளந்திருக்கிறார்கள். இதை அவமதிப்பு என்று சொல்வோர் உண்டு. என் பார்வையில், அந்தக் கல் உடைபடாமல் நம்மிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணமே அந்த அளவைத் தொழில்தான். அதே கல்லறையில் இருந்த அகஸ்டஸின் கலசம் எங்கே போனது என்பதற்கு ஒரு தடயமும் இல்லை.

16ஆம் நூற்றாண்டில் சோதெரினி குடும்பம் இடிபாட்டின் நடுவே தோட்டம் அமைத்துப் பழஞ்சிலைகளை அடுக்கியது. வாயிலோரத் தூபிகளில் ஒன்று 1587இல் சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்தின் பின்புறத்துக்கும், மற்றொன்று 1786இல் குயிரினால் குன்றுக்கும் போய்விட்டன. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த வட்டவெளி காளைச்சண்டைக்கும் வாணவேடிக்கைக்கும் அரங்கமானது. பிறகு சர்க்கஸ், நாடகம். 1908இல் 'அகுஸ்தெயோ' என்ற இசையரங்கமாக அது மறுபிறவி எடுத்தது. ஆயிரக்கணக்கான இருக்கைகள் கொண்ட அந்த அரங்கின் ஒலித்தரம் ஐரோப்பாவெங்கும் பேசப்பட்டது. தோஸ்கானினி, மாலர் போன்ற இசை நடத்துநர்கள் அங்கே நிகழ்ச்சி நடத்தினார்கள். பேரரசர்களின் கல்லறை மேல் மக்கள் இசை கேட்டார்கள். அதைக் காண முடிந்திருந்தால், சோலையில் உலாவ மக்களை அழைத்த அகஸ்டஸுக்கே அது பிடித்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி அதை வேறு கண்ணால் பார்த்தார். புதிய ரோமப் பேரரசை எழுப்புவதாகச் சொன்ன அவருக்கு, உள்நாட்டுப் போரை முடித்து ஒற்றை ஆட்சியை நிறுவிய அகஸ்டஸைவிடப் பொருத்தமான முன்னோடி கிடைக்கவில்லை. அகஸ்டஸின் 2000ஆவது பிறந்தநாள் 1937, 1938ஆம் ஆண்டுகளில் கொண்டாடப்பட இருந்தது. 1934 அக்டோபர் 22 அன்று முசோலினியே கடப்பாரையைக் கையில் எடுத்து, கல்லறையைச் சுற்றியிருந்த குடியிருப்புகளை இடிக்கும் பணியைத் தொடங்கிவைத்தார். நெருக்கமான தெருக்கள், நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள், கடைகள் எல்லாம் போயின. 1936 மே மாதத்தில் கடைசி இசை நிகழ்ச்சி நடந்தது; பின் அரங்கமும் கலைக்கப்பட்டது. நூற்றாண்டுகளாகக் கட்டடத்தின் மேல் படிந்திருந்த எல்லா வாழ்க்கையையும் அழுக்கு என்று சுரண்டி எடுத்தார்கள்.

சுரண்டி முடித்தபோது வெளிப்பட்டது ஏமாற்றம். பளிங்கு இல்லை, மண்மேடு இல்லை, சிலை இல்லை. தலை சிதைந்த கான்கிரீட் வளையங்கள் மட்டும் எஞ்சியிருந்தன. இரண்டாயிரம் ஆண்டுகளில் நகரத்தின் தரை உயர்ந்துவிட்டதால், அதன் அடிவரை தோண்டியபோது கல்லறை ஒரு பள்ளத்துக்குள் இறங்கிப்போனது. சுற்றிலும் விட்டோரியோ பல்லியோ மொர்புர்கோ வடிவமைத்த பெரிய அரசுக் கட்டடங்கள் மூன்று பக்கமும் எழுந்தன. அகஸ்டஸின் ஆவி காற்றில் உலவும் இந்த இடத்தை, நூற்றாண்டுகளின் இருளிலிருந்து கல்லறையை மீட்டெடுத்து, பழைய நெரிசலை அகற்றி அழகுபடுத்தத் தலைவர் முசோலினி முடிவுசெய்தார் என்று 1940ஆம் ஆண்டிட்ட ஒரு லத்தீன் கல்வெட்டு அங்கே இன்றும் இருக்கிறது. ஆற்றுப் பக்கத்தில், அகஸ்டஸ் காலத்து அமைதிப் பலிபீடம் வேறோரிடத்திலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டு, 1938 செப்டம்பர் 23 அன்று ஒரு கண்ணாடி மண்டபத்தில் திறந்துவைக்கப்பட்டது. ஒரு அரண்மனையின் அடியில் நீரூறிய மண்ணில் புதைந்திருந்த அதை எடுக்க, பொறியாளர்கள் மண்ணையே செயற்கையாக உறைய வைத்தார்கள். அந்தத் தொழில்நுட்பம் உண்மையிலேயே வியக்கத்தக்கது. அந்த மண்டபத்தின் சுவரில் அங்காராவிலிருந்து மீண்டுவந்த வாசகம் முழுவதையும் பொறித்தார்கள். 2006இல் ரிச்சர்ட் மையரின் வடிவமைப்பில் புதிய அருங்காட்சியகம் வந்தபோதும் அந்தச் சுவரை அப்படியே காப்பாற்றிக்கொண்டார்கள்.

பாசிச ஆட்சி 1943இல் வீழ்ந்தது. அதன்பின் வந்த குடியரசுக்கு இந்தச் சதுக்கம் ஒரு சங்கடம். அதைச் சீரமைத்தால் முசோலினியின் கனவை முடித்துவைப்பதாக ஆகும்; இடித்தால் அகஸ்டஸையும் சேர்த்து இடிப்பதாக ஆகும். எனவே எதுவும் செய்யாமல் விட்டார்கள். சுற்றுவெளி பேருந்துகள் வந்து திரும்பும் இடமாயிற்று. இதில் பணப் பற்றாக்குறைக்கும் பங்கு உண்டு. பாதுகாக்க வேண்டிய தொல்லிடங்கள் ரோமில் எண்ணிக்கையில் அடங்காதவை. பயணிகள் காசு கொடுத்துப் பார்க்க விரும்பும் கொலோசியத்துக்கும் ஃபோரம் எனும் பழைய ரோம மன்றத்துக்கும் முன்னுரிமை கிடைத்தது. ஆனால் பண்டையக் காலத்து இடிபாடுகள் பல, சுற்றிலும் வீடும் கடையும் சந்தையும் இருப்பதாலேயே கவனிக்கப்படுகின்றன. பாந்தியன் என்ற பழங்கோயில், தேவாலயமாக இருந்ததால் பிழைத்தது. மார்செல்லஸ் பெயரிலான அரங்கத்தின் மேல்தளங்களில் இன்றும் குடியிருப்புகள் உண்டு. கல்லறையைச் சுற்றி மட்டும் அதைத் தன்னுடையதாகக் கருத ஒரு தெருவாசிகூட மிச்சம் வைக்கப்படவில்லை. கூரை இழந்த கான்கிரீட்டுக்குள் மழைநீர் இறங்கியது, வேர்கள் விரிசலைப் பெரிதாக்கின, கேட்க ஆளில்லை.

இதன் உச்சம் 2014இல் வெளிப்பட்டது. அகஸ்டஸ் இறந்து 2000 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி உலகின் பல நகரங்களில் கண்காட்சிகள் நடந்தன. அவருடைய சொந்தக் கல்லறையோ அந்த ஆகஸ்டில் மூடிக் கிடந்தது. போதாக்குறைக்கு அருகில் தண்ணீர்க் குழாய் உடைந்து பள்ளத்துக்குள் வெள்ளம் புகுந்தது. அந்தச் செய்தி வெளிநாட்டு ஏடுகளில் வந்து இத்தாலியர்களைத் தலைகுனிய வைத்தது. 2016இல் பெரிய அளவிலான சீரமைப்பு தொடங்கியது. தொலைத்தொடர்பு நிறுவனமான டிம்மின் அறக்கட்டளை பல மில்லியன் யூரோ அளித்தது. நகராட்சியும் அரசும் எஞ்சியதைப் பகிர்ந்துகொண்டன. செடிகொடிகளை வேரோடு அகற்றி, விரிசல்களில் சாந்து செலுத்தி, நீர் வடியும் வழிகளை ஒழுங்குபடுத்தி, 2021 மார்ச் 1 அன்று பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். தொடக்க வாரங்களுக்கு அனைவருக்கும், அந்த ஆண்டு முழுவதும் ரோம் வாசிகளுக்கும் அனுமதி இலவசமாக இருந்தது. நுழைவுச் சீட்டுகள் உடனே முன்பதிவில் தீர்ந்துபோயின. உள்ளே அருங்காட்சியகம் அமைக்கும் அடுத்த கட்டப் பணிகளுக்காகப் பின்னர் மறுபடியும் மூடப்பட்டது.

சுவரைப் பூசி முடிப்பதைவிடச் சதுக்கத்தின் பணியே எனக்கு முக்கியமாகப்படுகிறது. 2006இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் பிரான்செஸ்கோ செல்லினியின் குழு வென்ற திட்டம், சாலைக்கும் கல்லறைக்கும் இடையிலான உயர வேறுபாட்டை அகலமான படிக்கட்டுகளால் கடக்கச் சொல்கிறது. கம்பி வேலிக்கு வெளியே நின்று பள்ளத்துக்குள் எட்டிப் பார்க்கும் நிலை மாறி, தெருவிலிருந்து இறங்கிப் பழைய தரையிலேயே நடந்து வாயிலை அடையலாம். கடைகளுக்கும் மரநிழலில் உட்காரும் இடங்களுக்கும் அதில் இடமுண்டு. அந்தத் திட்டம் தாள்களிலிருந்து தரைக்கு வரப் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஆயின. பணத்துக்கும் அனுமதிக்கும் நடந்த இழுபறி ஒருபுறம், தோண்டத் தோண்டப் பழைய கட்டுமானங்கள் வெளிப்பட்டு வேலையை நிறுத்தியது மறுபுறம். ஸ்ட்ராபோ கண்ட சோலையை அதே வடிவத்தில் யாரும் திருப்பிக் கொண்டுவரப் போவதில்லை. கொண்டுவருவதாகச் சொல்லவும் இல்லை. இசையரங்கத்தின் காலத்துத் தடயங்களையும் கோட்டைக் காலத்துச் சுவர்ப் பகுதிகளையும் அழிக்காமல் விளக்கிக் காட்ட வேண்டும் என்ற இன்றைய பாதுகாப்பாளர்களின் நிலைப்பாடு, 1934இன் கடப்பாரைக்கு நேர் எதிரானது. மாலை நேரத்தில் அந்தப் படிகளில் உட்கார்ந்து பேச ரோம் வாசிகள் வரத் தொடங்கினால், எந்த அறக்கட்டளையின் நன்கொடையும் இல்லாமலே அந்தச் சுவர்களுக்குத் தினமும் காவல் கிடைக்கும்.